சூளை வீட்டுக்குள் வர வேண்டாம்

கேள்வி: சிங்கப்பூரில், தெம்பனிஸில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறோம். நானும் என் மாமியாரும் அகல்விளக்கு, காப்பிக் குவளை, சிறு பூந்தொட்டிகள் செய்கிறோம். வார இறுதியில் கணவர் சக்கரத்தில் உட்காருவார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நன்றாக விற்கிறது. பெட்டியில் எங்கள் குடும்பப் பெயருடன் ‘கலைக்கூடம்’ என்று சீட்டு ஒட்டுகிறோம். வேண்டாத பொருள்களைக் கழித்து எளிமையாக வாழ்வோம் என்று இந்த ஆண்டு முடிவெடுத்து, சோபாவைக்கூடக் கொடுத்துவிட்டோம். ஆனால் காலியான இடத்தையெல்லாம் மண் பிடித்துக்கொண்டது. முகவர் ஒருவர் 1,800 வெள்ளிக்கு வீவக அனுமதியும் நிறுவனப் பதிவும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். 4,500 வெள்ளிக்குப் பழைய மின்சூளை ஒன்றைச் சமையலறைக்குப் பின்னால் பொருத்தியும் தருவாராம். பணிப்பெண் மண் பிசைய உதவுகிறார். பணத்தைக் கட்டிவிடலாமா?

பதில்: கட்டாதீர்கள், அம்மா. முன்பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அவர் விற்பவற்றில் ஒன்று இல்லாத பொருள், இன்னொன்று உங்களுக்குத் தேவையில்லாத பொருள், மூன்றாவது உங்கள் வீட்டுக்குள் வரவே கூடாத பொருள்.

இல்லாத பொருள் அந்த ‘வீவக அனுமதி’. வீட்டில் குடியிருப்பவர்கள் சிறிய அளவில் வீட்டிலிருந்தே தொழில் செய்யும் திட்டத்துக்கு வீவகவிடம் விண்ணப்பிக்கவே வேண்டியதில்லை. நிபந்தனைகளை மீறாமல் இருந்தால் போதும். வெளியாரை வேலைக்கு வைக்கக் கூடாது, விளம்பரப் பலகை மாட்டக் கூடாது, வீட்டைக் கடையாக்கக் கூடாது, பெரிய இயந்திரங்களை வைக்கக் கூடாது, புகை, நாற்றம், தூசி, சத்தம், ஆள் நடமாட்டம் ஆகியவற்றால் அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரக் கூடாது. இவ்வளவுதான். கேட்கத் தேவையில்லாத அனுமதியை ‘உள்ளே ஆள் வைத்து’ வாங்கித் தருகிறேன் என்று பணம் பிடுங்குகிறவர்களை இருபது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். கைவினைத் தொழில் செய்யும் குடும்பங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. ஒவ்வொரு தீபாவளிக்கு முன்பும் யாராவது ஒருவர் இப்படி ஒரு ரசீதுடன் வந்து நிற்பார். ரசீதில் ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று எழுதியிருக்கும். அனுமதி என்ற சொல்லே அதில் இருக்காது.

இதில் முகவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே ஒரு மண் விளக்கை விற்க நினைப்பவர் வீட்டு விதிகளுக்கு ஓரிடம், பெயர்ப் பதிவுக்கு ஓரிடம், வரிக்கு ஓரிடம், பணிப்பெண் விவகாரத்துக்கு இன்னோரிடம் என்று அலைய வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முகப்பிலும் அடுத்த முகப்பைக் கை காட்டுகிறார்கள். ஒரு முறை நானே ஒரு வாடிக்கையாளருக்காக ஒரு சாதாரணக் கேள்வியுடன் மூன்று அலுவலகங்களுக்கு எழுதினேன். மூன்று பதில்களும் மற்ற இரண்டு அலுவலகங்களைக் கேட்கச் சொல்லின. முகவர்கள் பிழைப்பது இந்த இடைவெளியில்தான். ஒரே தாளில், எளிய தமிழில், எல்லா விதிகளையும் எழுதி வைத்தால் முகவர்களில் பாதிப் பேருக்குத் தொழிலே இருக்காது.

அடுத்தது நிறுவனப் பதிவு. ‘பிரைவேட் லிமிடெட்’ வேண்டும் என்று அவர் சொல்வதற்குக் காரணம், அதில் அவருக்கு ஆண்டுதோறும் வேலை இருக்கிறது. நிறுவனச் செயலாளரை நியமிக்க வேண்டும், ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் கட்டணம் கேட்பார். உங்கள் அளவுக்குத் தனியுரிமைத் தொழிலாக, அதாவது ஒருவரே உரிமையாளராக இருக்கும் தொழிலாகப் பதிந்துகொண்டால் போதும். பெயருக்கு 15 வெள்ளி, ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளி. மூன்றாண்டுக்குச் சேர்த்துக் கட்டினால் 160 வெள்ளி. சிங்பாஸ் எனும் அரசாங்க இணைய அடையாளக் கணக்கை வைத்து நீங்களே இணையத்தில் செய்துவிடலாம். ஒரு மாலைப்பொழுது போதும்.

பதியாமலே தொழில் செய்யவும் ஒரு வழி இருக்கிறது. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்வதால் சற்று நீட்டியே சொல்கிறேன். ஒருவர் தனியாக, தம் அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயரிலேயே தொழில் செய்தால் அந்தப் பெயரைப் பதிய வேண்டியதில்லை. முழுப்பெயர் என்பது வீட்டில் கூப்பிடும் பெயர் இல்லை. நம்மில் பலருடைய அட்டையில் தந்தை பெயரும் நடுவில் ‘மகள்’, ‘மகன்’ என்பதன் சுருக்கமும் சேர்ந்தே இருக்கும். அதுவும் உங்கள் பெயரின் பகுதிதான். அட்டையில் ‘மீனாட்சி, இன்னாரின் மகள்’ என்று இருப்பவர் வெறும் ‘மீனாட்சி’ என்று விற்றால் சலுகை கிடைக்காது. ‘மீனாட்சி மண்வினை’ என்றோ ‘மீனாட்சி அகல்’ என்றோ ஒரே ஒரு சொல் ஒட்டினாலும் கிடைக்காது. நீங்கள் பெட்டியில் ஒட்டும் சீட்டில் குடும்பப் பெயருடன் ‘கலைக்கூடம்’ என்று போட்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு சொல்லால் நீங்கள் பதிவு செய்தாக வேண்டும். மாமியாரும் கணவரும் தொழிலில் பங்குதாரர்களாகச் சேர விரும்பினால் இந்தச் சலுகையை மறந்துவிட்டு, பதிந்தே தொடங்குங்கள். என் யோசனை, உங்கள் ஒருவர் பெயரில் தனியுரிமையாகப் பதிந்துகொள்ளுங்கள். ஜிஎஸ்டி பற்றிக் கவலை வேண்டாம், அதற்கான வரம்பு ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளி. செலவு போக ஆண்டு வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணம் கட்ட வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்து, ரசீதுகளை ஐந்து ஆண்டுகள் பத்திரப்படுத்துங்கள்.

இனி அந்தச் சூளை. ‘சாதாரணப் பிளக்கில் ஓடும்’ என்று சொல்லியிருப்பார். சாதாரணப் பிளக் 13 ஆம்பியர், அதாவது சுமார் 3 கிலோவாட். அதில் ஓடுவது சிறிய சூளை மட்டுமே. 4,500 வெள்ளிக்கு விற்கும் சூளை 7 கிலோவாட் இருக்கலாம். 230 வோல்ட்டில் அது சுமார் 30 ஆம்பியர் இழுக்கும். பெரும்பாலான வீவக வீடுகளுக்கு வரும் மின்சாரமே மொத்தம் 40 ஆம்பியர்தான். பழைய புளோக்குகள் சிலவற்றில் 30. சூளை எரியும்போது குளிர்சாதனமும் சுடுநீர்க் கொதிகலனும் ஓடினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உரிமம் பெற்ற மின்னியலாளர் எவரும் அந்தக் கம்பியைக் கண்ணை மூடிக்கொண்டு இழுத்துத் தர மாட்டார். இழுத்துத் தருகிறேன் என்பவரிடம் உரிமத்தைக் கேளுங்கள்.

மின்சாரத்தைவிட எனக்கு அச்சம் தருவது புகை. மண்ணை முதல்முறை சுடும்போது சுமார் 1,000 டிகிரி செல்சியஸ் வரை போகும், கல்மண் (அதிக வெப்பத்தில் கல்போல் இறுகும் மண்) குவளைக்குக் கண்ணாடிபோல் பளபளக்கும் பூச்சிட்டுச் சுட்டால் 1,200 டிகிரிக்கு மேல். மண்ணில் கலந்திருக்கும் கரிமமும் கந்தகமும் எரிந்து வெளியேறும். அப்போது வரும் கார்பன் மோனாக்சைடு எனும் நச்சு வாயுவுக்கு மணமே கிடையாது. சூளை ஏற எட்டுப் பத்து மணி நேரம், ஆற அதற்கும் மேல். சமையலறைக்குப் பின்னால், துணி காயும் இடத்தில், பக்கத்து அறையில் பிள்ளைகள் தூங்கும் வீட்டில் இது நடக்க வேண்டாம். விதிப்படியும் இது வீட்டுச் சாதனம் இல்லை. புகார் ஒன்று போனால் சூளை மட்டும் போகாது, தொழிலே நின்றுவிடும்.

சுடுவதை வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். மண்பாண்டக் கூடங்கள் பல கட்டணத்துக்குச் சுட்டுக் கொடுக்கின்றன. ஜாலான் பஹார் பக்கம் ஒரு முறை குடும்பத்துடன் போய் வாருங்கள். அங்குள்ள தௌ குவாங் டிராகன் சூளை 1940இல் கட்டப்பட்டது, 1965 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணமும் ஆர்க்கிட் தொட்டியும் ஒரு காலத்தில் அங்கே வெந்தன. அந்த நீண்ட சூளையின் முன்னால் நின்று பார்த்தால், சுடுவதற்கென்று தனி இடம் எவ்வளவு வேண்டும் என்பது உங்களுக்கே புரியும். தமிழ்நாட்டுக் குயவர் தெருக்களிலும் சூளை வீட்டுக்குள் இருந்ததில்லை.

சுட்டுக் கொடுப்பதிலும் இடைத்தரகர்கள் புகுந்துவிட்டார்கள். உங்கள் பாண்டங்களை வாங்கிக்கொண்டு போய், வேறொருவர் சூளையில் சுட்டு, இரட்டிப்பு விலை வாங்குவார்கள். உடைந்தால் யார் பொறுப்பு என்று கேட்டால் பதில் இருக்காது. சூளை எங்கே இருக்கிறது, யார் ஏற்றுகிறார், எத்தனை டிகிரி, உடைந்தால் என்ன என்று நேரில் போய்க் கேட்காமல் ஒரு விளக்கைக்கூடக் கொடுக்காதீர்கள். உங்கள் மண் எந்த வெப்பத்துக்கானது என்று பொட்டலத்தில் இருக்கும். அதை எழுதி ஒப்படையுங்கள். செம்மண்ணைக் கல்மண் வெப்பத்தில் வைத்தால் அது உருகிச் சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளும். தட்டின் விலையை உங்களிடம்தான் கேட்பார்கள்.

வீட்டை எளிமையாக்கும் உங்கள் ஆசை இங்கேதான் நிறைவேறும். வீடு நிறைந்துபோனதற்குக் காரணம் சோபா இல்லை, காயும் பாண்டங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் மண் எளிதில் காயாது. காயாததைச் சுட முடியாது, அதனால் சாப்பாட்டு மேசை முதல் அலமாரி உச்சி வரை பாண்டங்கள் காத்துக் கிடக்கின்றன. கடையில் ஒரே ஓர் இரும்பு அலமாரி வாங்குங்கள், நான்கு தட்டு போதும். நீங்கள் சுடக் கொடுக்கும் ஒரு தடவைக்கான பாண்டங்கள் எவ்வளவோ, அந்த அலமாரியும் அவ்வளவே இருக்கட்டும். அலமாரி நிறைந்தால் சக்கரம் நிற்க வேண்டும், மாமியார் எவ்வளவு ஆர்வமாக இருந்தாலும். சுடக் கொடுத்து அது காலியான பின்புதான் அடுத்த மண் உருண்டை. நடைவழியில் அடுக்கிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். பொது நடைவழியில் 1.2 மீட்டர் தடையின்றி இருக்க வேண்டும் என்பது தீ பாதுகாப்பு விதி. மண் மூட்டைகளையும் ஓரிடத்தில் குவிக்காதீர்கள், வீட்டுத் தரை கிடங்குக்காகப் போடப்பட்டதில்லை.

தூசியைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காய்ந்த களிமண் தூளில் சிலிக்கா இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் மூச்சில் போனால் நுரையீரலைப் பாழாக்கும், பின் சரிசெய்ய முடியாது. துடைப்பத்தால் பெருக்காதீர்கள், பெருக்கினால் நுண்தூள் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். ஈரத்துணியால் துடையுங்கள். விளிம்பைத் தேய்ப்பதை மண் ஈரமாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். மண் பட்ட துணியைப் பிள்ளைகளின் உடைகளுடன் சேர்த்துத் துவைக்காதீர்கள். கையையும் கருவிகளையும் வாளியில் கழுவி, இரவு முழுக்கத் தெளிய விட்டு, மேல் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். அடியில் தங்கும் மண் மீண்டும் பிசையப் பயன்படும். அதைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் அடைபடுவது உங்கள் குழாய் மட்டுமில்லை.

பணிப்பெண் விஷயத்தை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் தூக்கத்தைக் கெடுத்தது. அவர் வீட்டு வேலைக்காக அனுமதி பெற்று வந்தவர். விற்பனைக்கான மண்ணைப் பிசைவது, விளக்குகளைப் பொதிவது, உங்கள் மண் வாளியைக் கழுவுவது எல்லாம் தொழில் வேலை. பிடிபட்டால் உங்களுக்கு 10,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம், இனிமேல் பணிப்பெண் வைத்துக்கொள்ளவும் தடை வரலாம். ‘எல்லா வீட்டிலும் செய்கிறார்கள்’ என்று முகவர்கள் சொல்வார்கள். அபராதம் கட்டப்போவது அவர்கள் இல்லை. அவரே ஆசையாகக் கேட்டாலும் வேண்டாம். இன்றே நிறுத்துங்கள். குடும்பத்தார் கைகளால் முடிகிற அளவே உங்கள் தொழிலின் அளவு.

குவளைகளுக்கு ஈயமில்லாத, உணவுக்கு ஏற்ற பூச்சை மட்டும் வாங்குங்கள். சுட்டு வந்ததும் ஓர் எலுமிச்சைத் துண்டை ஒரு இரவு உள்ளே வைத்துப் பாருங்கள், நிறம் மாறினால் அந்தப் பூச்சை விட்டுவிடுங்கள். பொங்கல் பானையை அழகுக்கான பானை என்று சொல்லியே விற்பனை செய்யுங்கள். அடுப்புக்கென்று செய்யாத பானையை எரிவாயு அடுப்பில் ஏற்றினால் விரிசல் விடலாம், வாடிக்கையாளரின் பொங்கலும் போய்விடும்.

முகவருக்கு ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால், அவர் செய்து தருவதாகச் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும், அழிக்காமல் வையுங்கள். திருப்பித் தர மறுத்தால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்கிறது, வழக்கறிஞர் வேண்டாம். அடுத்த தீபாவளி விளக்குகளுக்கு ஜூலையிலேயே சக்கரத்தில் உட்காருங்கள். சுட்டுக் கொடுக்கும் கூடங்களில் செப்டம்பருக்குப் பிறகு இடம் பிடிப்பது கடினம்.