அறுத்த பலகை

அன்புள்ள ஐயா,

மகன் இத்தாலியில், மிலானில் வேலை பார்க்கிறான். போன மாதம் அவனோடு சியன்னா போயிருந்தோம். பேராலயத்தை ஒட்டிய மியூசியத்தில் தூச்சோ வரைந்த பெரிய மாதா படத்தைப் பார்த்தேன். பீடத்தின்மேல் இருக்க வேண்டியதை இருட்டு அறையில், ஒரு மெழுகுவத்தி கூட இல்லாமல் பார்த்தது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. கை கும்பிடப் போயிற்று. சுற்றி நின்றவர்களைப் பார்த்து இறக்கிவிட்டேன். சாமியைக் கோவிலிலிருந்து பிடுங்கி மியூசியத்தில் வைப்பது நியாயமா? திருப்பிக் கொடுத்துவிடக் கூடாதா? இன்னொன்று, மாதா மட்டும் பூதாகாரமாக இருக்கிறாள், மற்றவர்களுக்கெல்லாம் ஒரே முகம். அந்தக் காலத்தில் வரையத் தெரியாதா? மறுபடி போவதற்கு முன் என்ன படிக்கலாம்?

வ.

அன்புள்ள வ.,

படிக்க வேறொன்றும் வேண்டாம். பைபிளில் யோவான் நற்செய்தியை மட்டும் ஒரு மாலையில் உட்கார்ந்து படித்துவிட்டுப் போங்கள். ஏன் என்று பிறகு தெரியும்.

'வரையத் தெரியாதா' என்று நீங்கள் கேட்டிருக்கக் கூடாது. 1260-இல் ஃபுளோரன்ஸ் படை வாசலுக்கு வந்தபோது ஊர்ச் சாவியைக் கொண்டுபோய் மாதா காலடியில் வைத்துவிட்டு, இனி ஊர் உன்னுடையது என்று சொன்னதாகக் கதை வைத்திருப்பவர்கள் சியன்னாக்காரர்கள். அந்தப் போரில் ஜெயித்தும் விட்டார்கள். ஊருக்குச் சொந்தக்காரியை வேறு எந்த அளவில் வரைவது? அதே ஆள் அதே படத்தின் பின்பக்கத்தில் இயேசுவின் சீடர் இராயப்பரை வரைந்திருக்கிறான். குளிருக்கு நெருப்பின் பக்கம் பாதத்தை நீட்டி உட்கார்ந்தபடி, 'அவரை எனக்குத் தெரியாது' என்கிறார். அந்த முற்றத்திலிருந்து ஒரு மாடிப்படி ஏறி மேல் கட்டத்துக்குள் போகிறது. மேலே அதே நேரத்தில் இயேசுவை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு படிக்கட்டை வைத்து இரண்டு படத்தைக் கோத்தவனைப் பார்த்து வரையத் தெரியுமா என்கிறீர்கள். அந்தப் பின்பக்கம் இப்போது தனியாக எதிர்ச் சுவரில் இருக்கிறது, நீங்கள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை என்று நினைக்கிறேன். சரி, போகட்டும்.

சாமியைப் பிடுங்கினார்கள் என்ற விஷயத்துக்கு வருகிறேன். சில நாட்களாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்தது.

1308 அக்டோபர் 9-ஆம் தேதி ஒப்பந்தம். தூச்சோவுக்கு நாளுக்கு 16 சொல்டிக் காசு கூலி, தங்கமும் வர்ணமும் பேராலயத்தின் செலவு. 1311 ஜூன் 9 அன்று படத்தைப் பவனியாகக் கொண்டுபோனார்கள். கடைகள் மூடியிருந்தன, மணி அடித்தது, எக்காளம் ஊதியது. ஆயரும் ஊரை ஆண்டவர்களும் கையில் மெழுகுவத்தியோடு நடந்து, சந்தை மைதானத்தைச் சுற்றிவந்து பீடத்தில் ஏற்றினார்கள். சிம்மாசனத்தின் அடியில் தூச்சோ லத்தீனில் ஒரு வேண்டுதல் எழுதியிருக்கிறான்: தேவனின் தாயே, சியன்னாவுக்கு அமைதி கொடு, உன்னை இப்படி வரைந்த தூச்சோவுக்கு வாழ்வு கொடு. அந்த 'இப்படி' எனக்கு மிகவும் பிடிக்கும். வேலையைப் பார்த்துக் கூலி போடம்மா என்கிற மாதிரி. மாதா என்ன கூலி போட்டாளோ தெரியாது. அவன் வாழ்நாளெல்லாம் அபராதமும் கடனுமாக இருந்தவன். செத்த பிறகு பிள்ளைகள் ஏழு பேரும் அப்பன் சொத்தே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தார்கள்.

அந்தப் பீடத்தில் படம் எத்தனை நாள் இருந்தது? 1506-இல் இறக்கிவிட்டார்கள். நற்கருணை அப்பத்தை வைக்கும் வெண்கலப் பேழை ஒன்று அந்த இடத்துக்கு வந்தது. இறக்கியது மியூசியம் அல்ல, அப்போது மியூசியமே கிடையாது. பிறகு 1771. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். படம் இரண்டு பக்கமும் வரைந்தது. ஜனங்களைப் பார்த்த பக்கம் மாதா, பின்பக்கம் இயேசு பட்ட பாடுகளின் காட்சிகள் 26. முன்பக்கத்துப் பலகைகள் நெடுக்கு, பின்பக்கத்துப் பலகைகள் குறுக்கு, ஆணி அடித்து ஒட்டியிருந்தது. இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக வைத்தால் இரண்டு சிற்றாலயங்களுக்கு ஆகுமே என்று யாருக்கோ தோன்றியது. முதலில் நெடுக்கில் துண்டு போட்டார்கள். அப்புறம் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிரிக்க, பலகையின் கனத்துக்குள்ளேயே ரம்பத்தை விட்டார்கள். ஆணி அடித்த மரத்தில் ரம்பம் ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? நேராகப் போகாது. மாதாவின் முகத்திலும் ஆடையிலும் அதன் காயம் இருக்கிறது. எதிரிச் சிப்பாய் செய்த வேலையில்லை இது. கோவில் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் செய்தது. அப்போது கழன்ற சின்னத் துண்டுகள் கைமாறி, கடல் தாண்டிப் போயின. மிச்சத்தை 1878-இல் மியூசியத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். யாரிடமிருந்து யாரிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறீர்கள்?

இன்னொரு வேடிக்கை. நீங்கள் நின்ற அந்த மியூசியமே கோவில்தான். 1339-இல் இருக்கிற பேராலயம் போதாது, அதைச் சிலுவை வடிவத்தின் குறுக்குக் கையாக வைத்துக்கொண்டு இன்னும் பெரிதாக ஒன்று கட்டலாம் என்று ஆரம்பித்தார்கள். 1348-இல் கொள்ளைநோய் வந்து ஊரே காலியாயிற்று, வேலை நின்றது. வெட்டவெளியில் நிற்கும் அந்தப் பெரிய சுவரைப் பார்த்திருப்பீர்கள். கட்டிமுடியாத அந்தக் கோவிலின் பக்கவாட்டில் வளைவுகளை அடைத்து அறையாக்கியதுதான் மியூசியம். கீழ்த்தளத்தில் ஜொவான்னி பிசானோவின் சிலைகள் கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு, கோழி மாதிரி நிற்கும். முகப்பில் உயரத்தில் நிற்கச் செய்தவை, அண்ணாந்து பார்த்தால் கழுத்து சரியாகிவிடும்.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். படத்தின் அடியில், பின்பக்கம், இயேசுவின் ஊழியத்தைச் சொல்லும் சின்னப் பலகைகளின் வரிசை ஒன்று இருந்தது. கோவில் உச்சியில் சாத்தான் இயேசுவைச் சோதித்தது சியன்னாவில், மலைமேல் சோதனை நியூயார்க்கில். இராயப்பரை அழைத்தது வாஷிங்டனில், கானாவூர் கல்யாணம் மறுபடி சியன்னாவில். சமாரியப் பெண் மாட்ரிட்டில், குருடனுக்குப் பார்வை கொடுத்ததும் மலைமேல் உருமாறியதும் லண்டனில், செத்த லாசருவை எழுப்பியது டெக்ஸாஸில் ஃபோர்ட் வொர்த்தில். பாதி யோவான் மட்டும் சொன்ன கதைகள், அதனால்தான் படிக்கச் சொன்னேன்.

குருடன் படத்தைப் பல வருஷத்துக்கு முன் லண்டனில் பார்த்தேன். சின்னப் பலகை. ஒரே படத்தில் அவன் இரண்டு தடவை வருகிறான். நடுவில் தடியோடு நிற்கிறான், இயேசுவின் விரல் அவன் கண்ணில். வலது ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி பக்கம் நிற்கிறான், கண் திறந்திருக்கிறது, தடி கீழே விழுந்துவிட்டது. முகத்தைத் தூக்கி மேலே பார்க்கிறான். கடவுளுக்கு நன்றி சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். பாதி மக்கு நான். வலது பக்கம் அவனுக்கு அடுத்த பலகை உருமாற்றம், மலைமேல் பிரகாசமாக நிற்கிற இயேசு. பார்வை கிடைத்தவன் பலகையின் விளிம்பைத் தாண்டி அதைத்தான் பார்க்கிறான். வரிசையை அறுத்த பிறகு அவன் சும்மா ஓரத்தை வெறித்துக்கொண்டிருந்தான்.

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து மறுநாள் கட்டைப் பிரித்தபோது நான் அவள் நேர் எதிரே நின்றிருந்தேன். ஐந்து வருஷம் என் முகம் கலங்கலாகத்தான் தெரிந்திருக்கும், இப்போது என்னைப் பார்ப்பாள், அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் கழுத்தை நிமிர்த்தி மேலே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "ஃபேன் இறக்கையை யாருமே துடைக்கறதில்லையா?" என்றாள். செவிலிப்பெண் சிரித்துவிட்டாள். எனக்கு அன்று கொஞ்சம் கோபம்தான். அந்தக் குருடன் எதைப் பார்க்கிறான் என்று தெரிந்துகொண்ட நாளில் அந்தக் கோபம் போயிற்று.

நீங்கள் கையை இறக்கியிருக்க வேண்டாம். அங்கே யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

மிஞ்சிய அந்த எட்டுப் பலகைகளையும் 2024-இல் நியூயார்க்கிலும், அடுத்த வருஷம் லண்டனிலும் ஒரே வரிசையில் வைத்தார்கள். ஏறக்குறைய 250 வருஷத்துக்குப் பிறகு. என்னால் போக முடியவில்லை. போன நண்பர் ஒருவர் போனில் எடுத்து அனுப்பினார். நல்ல கூட்டம். குருடன் தெளிவாக விழுந்திருக்கிறான். அடுத்த பலகை முழுவதையும் ஒருவருடைய வழுக்கைத் தலை மறைத்திருக்கிறது. அவன் முகத்தைத் தூக்கி அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.