கிணற்று நீரில் கலங்கல் இல்லை, பிள்ளைகளுக்கு ஏன் வயிற்றோட்டம்?

கேள்வி: நாங்கள் வலிகாமத்தில் இரண்டு பரப்புக் காணியில் குடியிருக்கிறோம். மாரி மழை தொடங்கியதிலிருந்து என் இரு பிள்ளைகளுக்கும் (வயது 8, 3) மாறி மாறி வயிற்றோட்டம். மூத்தவனுக்கு ஐந்து நாளாகக் காய்ச்சலும் விடவில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எங்கள் கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஈ. கோலை பற்றீரியா இருப்பதாக அறிக்கை வந்திருக்கிறது. எங்கள் மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து 50 அடிக்கு மேல் தள்ளித்தான் இருக்கிறது. தண்ணீரில் கலங்கல் இல்லை, மணமும் இல்லை. மூன்று தலைமுறையாகக் குடிக்கும் கிணறு என்று மாமி குளோரின் போட விடுகிறார் இல்லை. பில்ற்றர் வாங்கினால் போதுமா?
– வாசகி, யாழ்ப்பாண மாவட்டம்

பதில்: சகோதரி, கிணற்றைப் பிறகு பார்ப்போம். மூத்த மகனை இன்றே அரச வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். மலக்கிருமி கலந்த நீரைக் குடித்த பிள்ளைக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல் விடவில்லை என்றால் நெருப்புக்காய்ச்சலை (டைபோயிட்) நினைத்தே ஆக வேண்டும். இதே மாதங்களில் டெங்குவும் பரவுவதால் அதையும் பார்க்க வேண்டும். கிணற்று நீர் அறிக்கையைக் கையோடு கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அன்ரிபயோட்டிக் மருந்து எதையும் கொடுக்காதீர்கள். நெருப்புக்காய்ச்சலை உறுதிசெய்ய இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்ப்பார்கள். மருந்து முந்திவிட்டால் அந்தச் சோதனையில் கிருமி அகப்படாமல் போகலாம். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும், எடைக்கேற்ற அளவில் கொடுங்கள். அஸ்பிரின், இபுபுறூஃபன் வேண்டாம்.

சின்னவருக்கு ஜீவனி (வயிற்றோட்டத்தில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) கொடுங்கள். ஒரு லீற்றருக்கான பக்கெற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். பாதிப் பக்கெற், அரை லீற்றர் என்று கண்மதிப்பில் பிரிக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. உப்பின் அளவு பிழைத்துவிடும் என்பதால் அது கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் முடித்துவிட்டு, மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள். ஒவ்வொரு முறை வயிற்றால் போன பிறகும் அரைக் கோப்பை முதல் ஒரு கோப்பை வரை, சிறிது சிறிதாகப் பருக்குங்கள். சோறு, கஞ்சி எதையும் நிறுத்த வேண்டாம். துத்தநாக மாத்திரை வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். இந்த வயதில் நாளுக்கு 20 மில்லிகிராம், 10 முதல் 14 நாள்கள் வரை கொடுப்போம். மலத்தில் இரத்தம், உள்வாங்கிய கண்கள், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, எழுப்பினாலும் சோர்ந்து விழுதல், குடித்ததெல்லாம் வாந்தியாதல் – இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். வயிற்றோட்டத்தைக் கட்டும் மாத்திரைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

இனிக் கிணறு. ஈ. கோலை மனிதரின் குடலிலும் ஆடு, மாடு, கோழிகளின் குடலிலும் வாழும் பற்றீரியா. அதில் பெரும்பாலான வகைகள் நோய் தருவதில்லை. ஆனாலும் 100 மில்லிலீற்றர் குடிநீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதுதான் விதி. அது இருக்கிறது என்றால் மலம் நீரைத் தொட்டிருக்கிறது, அதோடு வேறு எதுவும் வந்திருக்கலாம். வயிற்றுளைவைத் தரும் சிகெல்லா, நெருப்புக்காய்ச்சல் கிருமி, செங்கண்மாரியைத் தரும் ஹெப்பற்றைற்றிஸ் ஏ வைரசு எல்லாம் அதே வழியாகத்தான் வருகின்றன. சிகெல்லா நூறுக்கும் குறைவாக உள்ளே போனாலே ஒருவரை விழுத்திவிடும். அந்த அளவு கிருமியால் நீர் கலங்குவதுமில்லை, மணப்பதுமில்லை. கண்ணும் நாக்கும் இதில் உதவாது.

குழி 50 அடிக்கு மேல் தள்ளி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தூரக் கணக்கு, மண் வடிகட்டும் இடங்களுக்குப் பொருந்தும். மணலிலும் களியிலும் நீர் மெல்லக் கசிவதால் போகும் வழியில் கிருமிகளில் பெரும்பகுதி தங்கிவிடும், அல்லது இறந்துவிடும். வலிகாமத்தின் அடியில் இருப்பதோ சுண்ணாம்புக்கல். மேலே செம்மண் பல இடங்களில் சில அடிதான். அதற்குக் கீழே வெடிப்புகள், பொந்துகள், நிலத்தடிக் குகைகள். புத்தூரில் நிலாவரைக் கிணற்றைப் பார்த்திருப்பீர்கள், சுண்ணாம்புக்கல் கரைந்து கூரை இடிந்து உண்டான பள்ளம்தான் அது. கீரிமலைக் கேணியில் கடலோரத்தில் நன்னீர் பொங்குவதும் இதே கல்லின் வழியாகத்தான். இப்படிப்பட்ட நிலத்தில் நீர் வெடிப்பு வழியே வடிபடாமல் ஓடிவிடும். மாரியில் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து குழிகளின் அடியைத் தொடும்போது ஓட்டம் இன்னும் எளிதாகிறது. உங்கள் பிள்ளைகளுக்கு மழையோடு நோய் தொடங்கியதில் எனக்கு வியப்பில்லை.

இன்னொன்று. உங்கள் குழி தள்ளி இருக்கலாம், வேலிக்கு அப்பால் இருக்கும் குழி எத்தனை அடி? இரண்டு பரப்புக் காணிகள் அடுத்தடுத்து இருக்கும் ஒழுங்கையில் எல்லோரும் தங்கள் கிணற்றுக்கும் தங்கள் குழிக்கும் இடையிலேதான் தூரம் பார்க்கிறார்கள்.

மாமி சொல்வதை நான் தள்ளிவிடவில்லை. அவர் இளமையில் அந்தக் கிணறு நல்ல கிணறாகவே இருந்திருக்கும். அன்று அந்த ஒழுங்கையில் எத்தனை வீடுகள், எத்தனை குழிகள் இருந்தன என்று அவரிடமே கேளுங்கள். காணிகள் சீதனமாகப் பிரிந்து பிரிந்து, ஒரு வளவு இருந்த இடத்தில் இன்று நான்கு வீடும் நான்கு குழியும் வந்துவிட்டன. கிணறு அதே இடத்தில்தான் இருக்கிறது. பழகிய பெரியவர்களின் குடல் தாங்குவதை மூன்று வயதுப் பிள்ளையின் குடல் தாங்காது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

குளோரினைப் பொறுத்தவரை, நல்ல வெளிற்றும் தூளாக (பிளீச்சிங் பவுடர்) இருந்தால் 1,000 லீற்றருக்கு 2.5 கிராம் என்பது அடிப்படை அளவு. எட்டடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஆறடி நீர் நின்றால் ஏறத்தாழ 8,500 லீற்றர், அதற்கு 21 கிராம் அளவில் வரும். அசுத்தம் கூடிய கிணற்றுக்கு இது போதாது. எனவே அளவைப் பரிசோதகரே தீர்மானிக்கட்டும். திறந்து வைத்த தூளில் வீரியம் போயிருக்கும், அதை நம்பாதீர்கள். தூளை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பின் தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் கலக்க வேண்டும். குறைந்தது ஒரு மணி நேரம் யாரும் அள்ளக் கூடாது. இவ்வளவும் செய்தாலும் சில நாள்களில் நிலத்தடியிலிருந்து புதிய நீர் வரும், கிருமியும் வரும். குளோரின் போட்டாயிற்று என்று நிம்மதியாகிவிடாதீர்கள். நான் உறுதியாக நம்புவது அடுப்பைத்தான்.

நீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் நின்றால் போதும். இந்தக் கிருமிகள் எல்லாம் அழிந்துவிடும். கொதித்த பானையிலேயே மூடி ஆறவிடுங்கள். அவசரத்துக்குப் பச்சைத் தண்ணீரை விளாவினால் கொதிக்கவைத்ததே வீண். செம்பைப் பானைக்குள் விட்டு அள்ளுவதும் அப்படித்தான், விரல் நீரில் படும். குழாய் வைத்த பாத்திரம் நல்லது. பழைய மூக்குப்பேணி வீட்டில் இருந்தால் வாய் படாமல் குடிக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். பல் துலக்கும் நீரும் பச்சையாக உண்ணும் இலைகளைக் கழுவும் நீரும் கொதித்தாறியதாக இருக்கட்டும்.

பில்ற்றர் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பீங்கான் குழல் வைத்தவை பற்றீரியாவைப் பெரும்பாலும் தடுக்கும், வைரசைத் தடுக்காது. அந்தப் பணத்தைக் குழிக்குச் செலவிடுவதே மேல் என்பேன். குழாய்க் கிணறு அடிக்கவும் ஓடாதீர்கள். அதே சுண்ணாம்புக்கல்லின் நீர்தான் அதிலும் வரும், ஆழம் போனால் உவர் நீர் ஏறிவிடும்.

கொதிக்கவைத்தால் தீராத பிரச்சினை ஒன்று இங்கே உண்டு. வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களின் உரத்திலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் நைத்திரேற்று கிணற்றில் சேர்கிறது. கொதிக்கும்போது நீர் வற்றுவதால் அதன் செறிவு சற்றுக் கூடும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போனால், அந்த நீரில் கரைத்த பால்மா கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்வதைக் கெடுக்கும். வீட்டிலோ அயலிலோ கைக்குழந்தை இருந்தால் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், நீரே வேண்டாம். உங்கள் நீரில் நைத்திரேற்றையும் அளக்கச் சொல்லுங்கள்.

பிறகு குழி. அடி திறந்த குழி சுண்ணாம்புக்கல்லைத் தொட்டு நின்றால், அடியும் சுவரும் சீமெந்தால் அடைத்த தொட்டியாக அதை மாற்ற வேண்டும். வெளியேறும் நீர் மண் தடிப்பான இடத்தில், இயன்ற அளவு மேல்மட்டத்தில் பரவட்டும். கிணற்றைச் சுற்றியுள்ள சீமெந்துத் தரையில் வெடிப்பு இருந்தால் பூசுங்கள். குளித்த நீரும் துணி தோய்த்த நீரும் கிணற்றடியில் தேங்காமல் வாய்க்கால் வழியே விலகிப் போகட்டும். அள்ளும் வாளியை நிலத்தில் வைக்காதீர்கள். கோழிகள் கிணற்றுக்கட்டில் ஏற விடாதீர்கள்.

அயல் வீட்டுக் குழியைப் பற்றி நீங்கள் நேரே பேசினால் மனத்தாங்கல் வரலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் எழுத்தில் கொடுத்து, ஒழுங்கையிலுள்ள எல்லாக் கிணறுகளையும் சேர்த்துப் பரிசோதிக்கக் கேளுங்கள். குழி திருத்தியான பின், குளோரின் மணம் முற்றாகப் போனதும் நீரை மறுபடி சோதிப்பியுங்கள். கோடையில் வரும் நல்ல அறிக்கையை மட்டும் வைத்துக் கொதிக்கவைப்பதை நிறுத்தாதீர்கள். அடுத்த மாரியின் முதல் பெருமழைக்குப் பின் எடுத்த நீரிலும் ஈ. கோலை இல்லை என்று வரட்டும்.