மூக்கு பெரிதாகத் தெரிவது ஏன்?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு வருடமாக செல்ஃபி எடுப்பதும் அழிப்பதுமாகவே இருக்கிறாள். முப்பது எடுத்தால் ஒன்று தேறும். அதையும் ஃபில்டர் போட்டுத்தான் இன்ஸ்டாகிராமில் போடுவாள். மூக்கு பெரிதாக இருக்கிறது, கறுப்பாக இருக்கிறேன் என்று அழுகிறாள். சித்தி மகள் கல்யாணத்தில் போட்டோவுக்கு நிற்கவே மாட்டேன் என்றுவிட்டாள். இப்போது ராத்திரி சாப்பாடும் வேண்டாமாம். தோழி போடுகிற கிரீம் ஒன்றை வாங்கித் தரச் சொல்கிறாள். போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா?
– ஒரு தாய், ஈரோடு

பதில்: பிடுங்க வேண்டாம். தோழியின் போனில் பார்த்துக்கொள்வாள். மனதில் இருப்பதை உங்களிடம் சொல்வது மட்டும் நின்றுபோகும். 'நீ அழகாத்தான்டி இருக்கே' என்பதும் எடுபடாது. அம்மா வேறு எப்படிச் சொல்வாள் என்று அவளுக்குத் தெரியும். அதோடு, அவள் சொல்வது பொய்யும் இல்லை. அந்தப் படத்தில் மூக்கு பெரிதாகத்தான் இருக்கிறது. தப்பு படத்தில். அதை அவளே கண்ணால் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னலைப் பார்த்தபடி நீங்கள் உட்காருங்கள். ஆமாம், முதலில் நீங்கள்தான். படம் எடுக்கட்டும் அவள். போனின் பின்பக்க கேமரா, ஜூம் 1x, பியூட்டி, போர்ட்ரெய்ட் மோடுகள் வேண்டாம். உங்கள் கண்மட்டத்தில் போனைப் பிடித்து, ஓரடி ஸ்கேல் தூரத்தில் ஒரு படம். அப்படியே பின்னால் போய், ஐந்தடி தூரத்தில் அதே உயரத்தில் இன்னொன்று. இரண்டாவது படத்தில் முகம் முதல் படத்தின் அளவுக்கு வரும்வரை கிராப் செய்து, இரண்டையும் அருகருகே வையுங்கள். ஓரடிப் படத்தில் மூக்கு முன்னால் வந்து நிற்கும், காதுகள் பின்னால் ஒளிந்துகொள்ளும். பிறகு அவளாகவே 'எனக்கு எடும்மா' என்பாள். கேட்காவிட்டால் வற்புறுத்தாதீர்கள்.

காரணம் வெறும் தூரம்தான். மூக்கு நுனியிலிருந்து காது ஏறத்தாழ 12 செ.மீ. பின்னால் இருக்கிறது. 30 செ.மீ. தூரத்தில் போனைப் பிடித்தால் மூக்கு 30-லும் காது 42-லும் இருக்கும். கிட்டே இருப்பது பெரிதாகத் தெரியும் என்பதால், காதோடு ஒப்பிட மூக்கு 1.4 மடங்கு ஊதித் தெரிகிறது. 150 செ.மீ. தூரத்தில் எடுத்தால் அது 1.08 மடங்குதான். ஓரடியில் எடுக்கும் செல்ஃபியில், ஐந்தடிப் படத்தைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று அமெரிக்க மருத்துவர்கள் 2018-ல் கணக்கிட்டு வெளியிட்டார்கள். நேரில் அவளிடம் பேசுகிற யாரும் ஓரடியில் நின்று பேசுவதில்லை.

இன்னொரு சங்கதி. செல்ஃபி எடுக்கும்போது திரையில் தெரிவது கண்ணாடி பிம்பம். பல போன்கள் அதை இடம் வலமாகத் திருப்பிச் சேமிக்கும். பிறந்ததிலிருந்து கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம் திடீரெனத் திரும்பினால் வகிடும் புருவமும் கோணலாகத் தோன்றும். எடுக்கும்போது நன்றாக இருந்த படம் எடுத்த பின் பிடிக்காமல் போவதில் பாதி இதுதான்.

பியூட்டி மோடைப் பாருங்கள். சில போன்களில் அது வாங்கும்போதே ஆன் ஆகி இருக்கும். தோலை வழவழப்பாக்கி, கண்ணைப் பெரிதாக்கி, தாடையை ஒடுக்கும். அந்த முகத்தையே தினம் பார்த்தால், சொந்த முகம்தான் குறையுள்ளதாகப்படும். கேமரா செட்டிங்ஸில் எல்லா அளவையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் வாட்ஸ்அப் டிபியில் ஃபில்டர் இருந்தால் அதையும் மாற்றிவிட்டுச் சொல்வது நல்லது.

இன்ஸ்டாகிராமில் முதலில் அவள் கொடுத்திருக்கும் பிறந்த வருடத்தைப் பாருங்கள். 18-க்கு மேல் என்று கொடுத்திருந்தால் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான டீன் அக்கவுன்ட் பாதுகாப்பு வேலை செய்யாமல் போகும். சரியாக இருந்தால், நாளில் 60 நிமிடம் பார்த்ததும் போதும் என்று நினைவூட்டும். இரவு 10 முதல் காலை 7 வரை நோட்டிஃபிகேஷன் வராது. 16 வயதுக்குள் இதைத் தளர்த்த உங்கள் அனுமதி தேவை. அடுத்து, செட்டிங்ஸில் கன்டென்ட் பிரிஃபரன்சஸில் பரிந்துரைகளை அழித்துப் புதிதாகத் தொடங்கலாம். அழித்த பிறகு வரும் சில நாள்கள்தான் முக்கியம். எதில் விரல் நிற்கிறதோ அதையே ஊட்டும் இயந்திரம் அது. அந்த நாள்களில் ஓவியமோ சிலம்பமோ பூனையோ, அவளுக்குப் பிடித்ததைத் தேடட்டும். ஒரு மணி நேரக் கட்டுப்பாட்டுக்கும் ஆதாரம் உண்டு. கனடாவில் 17 முதல் 25 வயதுக்காரர்கள் 220 பேரிடம் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், போனில் சமூக ஊடகத்தை மூன்று வாரம் நாளுக்கு ஒரு மணி நேரத்தோடு நிறுத்தும்படி சொல்லப்பட்டவர்களுக்குத் தங்கள் தோற்றத்தைப் பற்றிய எண்ணம் மேம்பட்டது.

நிறத்தைப் பற்றிய அழுகையைப் போன் மட்டும் உண்டாக்கியிருக்காது. 'வெயில்ல சுத்திக் கறுத்துட்டே' என்று கல்யாண வீட்டில் சொல்லும் அத்தைக்கும் அதில் பங்குண்டு. அவர் அடுத்த முறை வாய் திறக்கும்போது, மகள் முன்னாலேயே நீங்கள் தடுக்க வேண்டும். அவளைக் கேட்காமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவள் படத்தைப் போடவும் வேண்டாம்.

கிரீம் வாங்கித் தராதீர்கள். டியூப்பில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. முதல் சில வாரம் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, ரத்தநாளங்கள் தெரிந்து, பரு கிளம்பும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், மறுபடி தடவச் சொல்லும். ஏற்கெனவே ஒளித்துத் தடவிக்கொண்டிருந்தால் திட்டாமல் டியூப்போடு தோல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் தள்ளிப்போடாதீர்கள். அவள் தட்டில் எவ்வளவு இருக்கிறது என்ற பேச்சை எடுக்காமல் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். எடை வேகமாகக் குறைவது, தலைசுற்றல், மாதவிலக்கு தள்ளிப்போவது, சாப்பிட்டதும் பாத்ரூம் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது – இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வாரமே குழந்தைகள் மருத்துவரைப் பாருங்கள். அவர் வயதுக்கேற்ற வளர்ச்சி அட்டவணையில் எடையைக் குறிப்பார். பெரியவர்களுக்கான பிஎம்ஐ (உயரம்–எடைக் கணக்கு) எண்ணை வைத்து நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

மூக்கைப் பற்றிய நினைப்பே நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறதா? கண்ணாடியை விட்டு நகராமலோ கண்ணாடியே பார்க்காமலோ இருக்கிறாளா? பள்ளிக்குப் போக மறுக்கிறாளா? அப்படியானால் அது உடல் தோற்றக் கோளாறாக இருக்கலாம். பெரும்பாலும் இந்த வயதில்தான் தொடங்கும். பேசியே மனதைச் சரிசெய்யும் உளவியல் சிகிச்சையும், தேவைப்பட்டால் மருந்தும் பலன் தரும். மூக்கு அறுவை சிகிச்சை தராது. மனநல மருத்துவரைப் பாருங்கள். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்கு (டெலி மானஸ்) எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே. சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் காத்திருக்காமல் அன்றைக்கே அழையுங்கள், அவளைத் தனியாக விடாதீர்கள்.