கட்டிங் பிளேயர் மீது வழக்கா, மண்டபக்காரரோடு சமரசமா?

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம்:

என் கணவர் சொந்தமாக வயரிங் வேலை செய்பவர். மதுரையில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் சிவப்புக் கைப்பிடி போட்ட கட்டிங் பிளேயரை 850 ரூபாய்க்கு வாங்கினார். "1000 வோல்ட் போட்டிருக்கு, லைன் ஓடும்போதே வெட்டலாம், பயமில்லை" என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்தார். கடந்த ஆவணியில் ஒரு கல்யாண மண்டபத்தில் சமையல்கட்டுக்குப் போகும் பழைய இரட்டைக் கம்பி வயரை மாற்றப் போனார். முகூர்த்த வேலை நடக்கிறது, கரண்டை நிறுத்தக் கூடாது என்று மண்டப உரிமையாளர் சொல்லிவிட்டார். வயரை வெட்டியதும் வெடிச் சத்தத்தோடு தீ கிளம்பி, வலது கையும் முகமும் வெந்துவிட்டன. அரசு இராஜாஜி மருத்துவமனையில் மூன்று வாரம் இருந்தார். இரண்டு விரல்கள் மடங்கவில்லை; இன்னொரு அறுவை சிகிச்சை வேண்டும் என்கிறார்கள். பிளேயரின் வெட்டும் வாயில் ஓட்டை விழுந்திருக்கிறது, கைப்பிடியில் ஒரு கீறலும் இருக்கிறது. கடைக்காரர் நாலு பேர் முன்னால் "உன் புருஷனுக்குத் தொழில் தெரியவில்லை" என்றார். இப்போது ஆள் அனுப்பி, பிளேயரைக் கொடுத்தால் கம்பெனிக்கு அனுப்பிச் சோதிப்பதாகவும் 60,000 ரூபாய் தருவதாகவும் சொல்கிறார். மண்டபக்காரர் ஒரு லட்சம் தருவதாகத் தூது விட்டிருக்கிறார். கடைக்காரரைச் சிறையில் தள்ள வேண்டும் என்கிறார் என் கொழுந்தனார். நுகர்வோர் ஆணையத்தில் 25 லட்சம் கேட்கலாமா?

பதில்:

கடைக்காரர் பேசிய பேச்சும், மண்டபக்காரர் மருத்துவமனைக்கு வந்து பார்க்காததும், உறவினர் யார் யார் விலகிப் போனார்கள் என்று நீங்கள் எழுதியிருப்பதும் வழக்குக்கு உதவாது. மனது ஆறட்டும் என்று அவற்றை மனுவில் சேர்க்கச் சொல்லும் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள், நான் சேர்ப்பதில்லை. உங்கள் வழக்கில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மின்சாரம் கைப்பிடி வழியாக உங்கள் கணவரின் கைக்குள் இறங்கியதா, அல்லது வெட்டும் வாயில் எழுந்த தீப்பிழம்பு வெளியிலிருந்து கையைச் சுட்டதா?

இரண்டும் ஒன்றுதானே என்று நினைக்க வேண்டாம். மின் ஓட்டம் உள்ள கம்பியில் வேலை செய்வதற்கான காப்பிட்ட கைக்கருவிகளுக்கு ஐஇசி 60900 என்ற சர்வதேசத் தர நிர்ணயம் இருக்கிறது. அதன்படி செய்த கருவியை மாறுதிசை (ஏ.சி.) மின்சாரத்தில் 1000 வோல்ட் வரைக்கும் பயன்படுத்தலாம். அதற்கு முன் ஒவ்வொரு கருவியையும் 10,000 வோல்ட்டில் சோதித்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் காப்பு கைப்பிடிக்கு உரியது, வாய் வெறும் எஃகு. ஃபேஸ் கம்பியை, அதாவது மின்சாரம் வரும் கம்பியை, தனியாகப் பிடித்து வெட்டினால் வாயில் 230 வோல்ட் நின்றாலும் காப்பு அதைக் கைக்கு விடாது. ஃபேஸையும், மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரலையும் சேர்த்து ஒரே கடியில் வெட்டினாலோ, அந்த எஃகு வாயே இரண்டுக்கும் பாலமாகி ஷார்ட் ஆகிறது. வாய் உருகி ஓட்டை விழுகிறது. தீப்பிழம்பு முகத்துக்கு வருகிறது. உலகத்திலேயே உயர்ந்த தரமான பிளேயரைக் கையில் கொடுத்திருந்தாலும் இதுவேதான் நடந்திருக்கும். இரட்டைக் கம்பி வயர், வெடிச் சத்தம், வாயில் ஓட்டை, முகத்தில் தீக்காயம் என்று நீங்கள் எழுதியிருப்பவை அனைத்தும் ஷார்ட்டைத்தான் காட்டுகின்றன. மின்சாரம் உடலுக்குள் பாய்ந்து வெளியேறியதற்கான காயம் மருத்துவமனைச் சுருக்க அறிக்கையில் குறிக்கப்பட்டிருந்தால் மட்டுமே என் கருத்து மாறும். அந்த அறிக்கையை நீங்கள் அனுப்பவில்லை.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்பு, அதாவது குறையுள்ள பொருளால் நேர்ந்த தீங்குக்குத் தயாரித்தவரும் விற்றவரும் ஏற்க வேண்டிய பொறுப்பு, என்று தனி அத்தியாயமே இருப்பது உண்மை. சொந்தத் தொழிலால் பிழைப்பு நடத்துவதற்காக வாங்கியதால் உங்கள் கணவர் நுகர்வோர்தான். எந்த நுகர்வோர் ஆணையம் விசாரிக்கும் என்பது பொருளுக்குக் கொடுத்த விலையைப் பொறுத்தது என்பதால், 850 ரூபாய்ப் பொருளுக்கு 25 லட்சம் இழப்பீடு கேட்பதற்கும் மாவட்ட ஆணையத்தில் தடை கிடையாது. ஆயினும் குறைபாடு இருந்தது என்று காட்டினால் போதாது. அந்தக் குறைபாட்டால்தான் தீங்கு நேர்ந்தது என்றும் காட்ட வேண்டும். உங்கள் பிளேயரில் '1000 வோல்ட்' என்ற எழுத்து மட்டும் இருந்து, மின் ஓட்டம் உள்ள கம்பியில் பயன்படுத்தலாம் என்று காட்டும் இரட்டை முக்கோணக் குறியும் தயாரித்தவர் பெயரும் தயாரித்த ஆண்டும் இல்லாமல் இருந்தால், அது பெயருக்கு மட்டும் காப்பிட்ட கருவி என்று ஆணையம் நம்பும். தயாரித்தவர் யாரென்றே தெரியாத பொருளை விற்றவரைத் தயாரிப்பாளரைப் போலவே பொறுப்பாக்க 86-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. விற்றவர் தாமாகக் கொடுத்த உத்தரவாதத்தையும் அதே பிரிவு கணக்கில் எடுக்கிறது. கடைக்காரர் 60,000 ரூபாயோடு ஆள் அனுப்பியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் முக்கோணக் குறி இல்லாததால் தீ எழவில்லை. இரண்டு கம்பியைச் சேர்த்து வெட்டியதால் எழுந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

அப்படியானால் 'ஒரு நேரத்தில் ஒரு கம்பியை மட்டும் வெட்டவும்' என்று எச்சரிக்கை தராதது குறைபாடு ஆகாதா என்று கேட்பீர்கள். வீட்டில் பல்பு மாற்றும் ஒருவர் இதைக் கேட்டால் நானும் யோசிப்பேன். பயன்படுத்துபவருக்கு வெளிப்படையாகத் தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய ஆபத்தைப் பற்றி எச்சரிக்கத் தவறியதற்குத் தயாரிப்பாளர் பொறுப்பல்ல என்று 87-ஆவது பிரிவு சொல்கிறது. தயாரிப்பாளர் இடத்தில் நிற்கும் கடைக்காரரும் அதையே பிடித்துக்கொள்வார். ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்தால் ஷார்ட் ஆகும் என்பது வயரிங் தொழிலின் முதல் பாடம். உங்கள் கணவர் கூண்டில் ஏறியதும் அவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் கம்பியாளர் தகுதிச் சான்றிதழ் இருக்கிறதா என்பதாகத்தான் இருக்கும். இருக்கிறது என்றால், தொழில் தெரிந்தவர், ஆபத்தும் தெரியும். இல்லை என்றால், சான்றிதழே இல்லாமல் கல்யாண மண்டபத்தின் மின் அமைப்பில், அதுவும் கரண்ட் ஓடும்போது, கை வைத்தவர். எந்தப் பதிலும் உங்களுக்குச் சாதகமாக இல்லை. சான்றிதழ் உண்டா என்பதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லாததை நான் கவனிக்காமல் இல்லை.

கைப்பிடியில் உள்ள கீறலைப் பெரிய ஆதாரமாக நினைக்கிறீர்கள். ஆய்வு இல்லாமல் தீர்மானிக்க முடியாத குறைபாடு என்றால், பொருளை முத்திரையிட்டு உரிய ஆய்வகத்துக்கு அனுப்ப 38-ஆவது பிரிவு ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. நீங்கள் கேட்காவிட்டால் எதிர்த்தரப்பு கேட்கும். கீறலோடும் அந்தக் கைப்பிடி சோதனையைத் தாங்கிவிட்டால், உங்கள் செலவில் அவர்கள் வழக்கை நீங்களே நிரூபித்தவர்கள் ஆவீர்கள். தாங்காவிட்டாலும் கீறல் எப்போது விழுந்தது என்ற கேள்வி நிற்கும். வேலைக்கு முன்பே இருந்தது என்றால் கீறலைப் பார்த்தும் ஏன் பயன்படுத்தினார் என்பார்கள். தீயின் சூட்டில் விழுந்தது என்றால் அது விற்கும்போது இருந்த குறை ஆகாது.

இனி நான் உண்மையாகவே பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். இப்படிப்பட்ட வழக்குகளில் கட்சிக்காரர்கள் தோற்பது பெரும்பாலும் சட்டத்தால் அல்ல, தாங்களே எழுதிக் கொடுத்த காகிதங்களால். மருத்துவமனையில் சேர்த்த அன்று விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். நகலில், கூட வந்தவர் அவசரத்தில் 'வேலை செய்யும்போது ஷாக் அடித்தது' என்று சொல்லியிருப்பார். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் மருத்துவர் தீப்பிழம்பால் ஏற்பட்ட காயம் என்று எழுதியிருப்பார். பிறகு யாரோ ஒருவர் 'கைப்பிடி லீக் ஆச்சுன்னு போட்டாத்தான் கேஸ் நிக்கும்' என்று யோசனை சொல்ல, வக்கீல் நோட்டீஸில் மூன்றாவது கதை ஏறும். சில மாதங்கள் கழித்துத் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரத்தில் நான்காவது கதை. இந்த நான்கையும் ஒரே தாளில் வரிசையாக எழுதி நீட்டுவதைத் தவிர எதிர்த்தரப்புக்கு வேலையே இருக்காது. கருவி உண்மையிலேயே குறையுள்ளதாக இருந்த வழக்கும் இதில் அடிபட்டுப் போகும். உங்கள் ஏ.ஆர். பதிவு எப்படி இருந்தாலும் அதைத் திருத்தச் சொல்லி மருத்துவமனைக்கு நடக்காதீர்கள். நோட்டீஸ் இன்னும் அனுப்பவில்லை என்றால் அது உங்கள் நல்ல காலம்.

பிளேயரை இப்போது கடைக்காரரிடம் கொடுக்கவே கூடாது. கம்பெனிக்கு அனுப்பிச் சோதிக்கிறோம் என்று வாங்கிப்போன பொருள், ஒன்று திரும்பி வராது, அல்லது வேறொன்றாக வரும். வாயில் உள்ள ஓட்டை, கைப்பிடிக் கீறல், அதில் உள்ள எழுத்துகள் எல்லாம் தெளிவாகத் தெரியும்படி இரண்டு சாட்சிகள் முன்னிலையில் படம் எடுத்து, கருவியை ஒரு உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் அவர்கள் கையெழுத்தை வாங்கி வையுங்கள். கீறல் மேல் டேப் சுற்றுவதோ, துடைப்பதோ, அவசரத்துக்கு என்று வேறு வேலைக்கு எடுப்பதோ கூடாது. தீங்கு நேர்ந்தபோது பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தால் விற்றவர் மீது பொருள் பொறுப்பு வழக்கே தொடர முடியாது. இன்று நீங்கள் சுற்றும் டேப்பை விபத்துக்கு முன்பே சுற்றியதாகச் சொல்ல அவர்களுக்கு ஒரு நிமிடம் போதும். கடையில் ரசீதுக்குப் பதில் எஸ்டிமேட் சீட்டு கொடுத்திருப்பார்கள். அதோடு செல்பேசியில் பணம் அனுப்பிய பதிவும் இருந்தால் வாங்கியதை நிரூபிக்க அது போதும்.

கொழுந்தனாரின் யோசனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குற்ற வழக்கு என்று போனால் பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கும் கவனக்குறைவைத் தண்டிக்கும் பாரதிய நியாய சம்ஹிதையின் 125-ஆவது பிரிவுக்குள் கடைக்காரரைக் கொண்டுவருவது கடினம். மின் விபத்து என்பதால் மின் ஆய்வாளரின் அறிக்கை கேட்கப்படும்; கரண்டை நிறுத்தாமல் வேலை செய்தது யார் என்ற கேள்வியில்தான் அந்த அறிக்கை தொடங்கும். சாலையில் அறுந்து கிடந்த கம்பி வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் மின்வாரியத்தைக் கவனக்குறைவு நிரூபிக்காமலே பொறுப்பாக்கியதை யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால், அது வாரியத்தின் சொந்தக் கம்பியைப் பற்றியது. மண்டபத்துக்குள், மீட்டருக்கு இந்தப் பக்கம் ஓடிய வயருக்குப் பொருந்தாது.

நீங்கள் யோசிக்க வேண்டியது மண்டபக்காரரைப் பற்றி. உரிய அங்கீகாரமும் மின் ஆய்வாளர் ஏற்ற பாதுகாப்பு ஏற்பாடும் இல்லாமல் மின் ஓட்டம் உள்ள கம்பியில் யாரும் வேலை செய்யக் கூடாது என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி. கரண்டை நிறுத்தக் கூடாது என்று சொன்னவர் அவர். உங்கள் கணவர் அவரிடம் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் அல்ல, ஒப்பந்தம் பேசிச் சென்றவர் என்பதால் தொழிலாளர் இழப்பீட்டு வழி அநேகமாக அடைபட்டது. கவனக்குறைவுக்காக உரிமையியல் வழக்கு போடலாம். அதில் உங்கள் கணவரின் சொந்தத் தவறுக்கு ஒரு பங்கு கழியும், அந்தப் பங்கு சிறியதாக இருக்காது, நீதிமன்றக் கட்டணமும் ஆண்டுகளும் போகும். ஆகவே வெளிப்படையாகச் சொல்கிறேன்: இரண்டு பேரோடும் சமரசம் பேசுங்கள். கடைக்காரர் தரும் 60,000 உங்கள் வழக்கின் பலத்துக்குக் குறைவான தொகை அல்ல. மண்டபக்காரர் சொன்ன ஒரு லட்சம்தான் குறைவு. அடுத்த அறுவை சிகிச்சைச் செலவையும் வேலைக்குப் போகாத மாதங்களின் வருமானத்தையும் கணக்கிட்டு, மருத்துவரின் எழுத்தோடு அவரிடம் உயர்த்திக் கேளுங்கள்.

ஊர்ப் பெரியவர் முன்னால் வெள்ளைத் தாளில் எழுதி வாங்கும் சமரசத்தை மட்டும் ஏற்காதீர்கள். முதல் தவணை வந்து, இரண்டாவது தவணைக்கு ஆள் கிடைக்காமல் என்னிடம் வந்தவர்கள் உண்டு. மதுரை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுத்து, மக்கள் நீதிமன்றத்தில் சமரசத்தைப் பதிவு செய்யுங்கள். அந்தத் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. பணம் வராவிட்டால் நேராக நிறைவேற்று மனு போடலாம். கடைக்காரரோடு எழுதும் ஒப்பந்தத்தில் 'இந்த விபத்து தொடர்பான எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன' என்ற வரி வந்தால் மண்டபக்காரரும் அதைக் காட்டித் தப்பிப்பார்; 'கடைக்காரர் மீதான கோரிக்கை மட்டும்' என்று எழுத வையுங்கள். பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகே பிளேயர் கை மாற வேண்டும், அதுவும் மண்டபக்காரரோடு கணக்கு முடிந்த பிறகு. பேச்சு இழுத்துக்கொண்டே போனால் விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் மனு தாக்கலாகியிருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் உங்கள் கணவர் மின் பணியாளராகப் பதிந்து, பதிவைப் புதுப்பித்து வைத்திருந்தால், விபத்து உதவிக்குத் தனியே விண்ணப்பியுங்கள். அதற்கு யாருடைய தவறு என்ற கேள்வி எழாது.