அரசாங்க அலுவலகத்தில் கொடுத்த ஐசி விவரத்துக்கு யார் பாதுகாப்பு?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: அரசாங்க உதவித்தொகைக்குக் கொடுத்த ஐசி (அடையாள அட்டை) விவரம் கசிந்தால் 2010 தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் காப்பாற்றுமா?

காப்பாற்றாது அக்கா. அந்தச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது என்று 3ஆவது பிரிவே சொல்கிறது. கடை, வங்கி, தனியார் கிளினிக்கைத்தான் அது கட்டுப்படுத்தும். நம்மைப் பற்றி அதிகம் தெரிந்துவைத்திருப்பது அரசாங்கம்தான், அதை விட்டுவைத்தது எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது.

சரி, நம் கையில் இருப்பதைப் பார்ப்போம். ஐசி எண்ணின் 12 இலக்கத்தில் முதல் ஆறே பிறந்த தேதியைச் சொல்லிவிடும். அதனால் நகல் கொடுக்கும்போது, முகத்தையும் எண்ணையும் மறைக்காமல், குறுக்கே இரண்டு கோடு போட்டு, "இந்த விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று மலாயில் எழுதித் தேதியும் போடுங்கள். தோட்டத்தில் விண்ணப்பப் பாரம் நிரப்பித் தருகிறேன் என்று வருபவரிடம் ஐசியை விட்டுவிட்டு வராதீர்கள். ஏமாந்து பணம் போய்விட்டால், தாமதிக்காமல் தேசிய மோசடி உதவி மையத்தின் எண்ணான 997க்கு அழையுங்கள்.