தீவனச்சோளத்தை எந்தப் பருவத்தில் அறுத்தால் மகசூலும் சத்தும் சேர்ந்து கிடைக்கும்?

பச்சைத் தீவனத்துக்கு என்றால், பாதிப் பயிர் பூத்திருக்கும்போது அறுங்கள். கோ.எஃப்.எஸ் 29 போன்ற, அறுத்தபின் மறுபடி துளிர்க்கும் மறுதாம்பு ரகத்தில் முதல் அறுப்பு விதைத்த 65–70 நாளில் வரும்; பிறகு 50 நாளுக்கு ஒருமுறை.

இளம்பயிரின் உலர் எடையில் 12–15 சதவீதம்கூடப் புரதம் இருக்கும். பூக்கும்போது 8 சதவீதத்தை ஒட்டி இறங்கும், மணி முற்றினால் இன்னும் குறையும். இலையின் பங்கு குறைந்து தண்டு கூடுகிறது, தண்டில் லிக்னின் என்ற செரிக்காத நார்ப்பொருள் ஏறுகிறது. எடை கூடட்டும் என்று காத்திருந்தால் மாடு இலையைத் தின்றுவிட்டுத் தட்டையைக் கழித்துவிடும்.

புரதத்துக்கு ஆசைப்பட்டு இளசாக அறுப்பது அதைவிட ஆபத்து. முழங்கால் உயரப் பயிரிலும், வறட்சியில் வாடி மழைக்குப் பின் துளிர்த்த தழையிலும் சயனிக் அமில நச்சு மிகுதி. மேய்ந்த மாடு சில நிமிடங்களிலேயே மூச்சுத்திணறி விழலாம். வெயிலில் நன்றாகக் காயவைத்தால் இந்த நச்சு பெருமளவு குறையும். ஆனால் யூரியா அதிகம் போட்ட பயிரில் சேரும் நைட்ரேட் என்ற இன்னொரு நச்சு காய்ந்தாலும் போகாது, அதனால் உரத்தை அளவோடு போடுங்கள்.

சைலேஜுக்கு (காற்றுப் புகாமல் குழியில் புளிக்கவைத்துச் சேமிக்கும் தீவனம்) மட்டும் மணி மாவு பிடிக்கும்வரை பொறுக்கலாம். பயிரின் ஈரம் 65–70 சதவீதத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். அதற்கு முன்பே குழியில் போட்டால் சாறு வடிந்து, அழுகல் நாற்றம் அடிக்கும்.