தற்சார்பு விவசாயம் என்றால் என்ன? சிறிய பண்ணையத்தில் மனநிறைவு கிடைக்குமா?

வீட்டுச் சாப்பாடு, மாட்டுத் தீவனம், விதை, எரு ஆகியவற்றில் பெரும்பகுதியைச் சொந்த நிலத்திலேயே எடுத்துக்கொண்டு, மிஞ்சியதை மட்டும் விற்பதுதான் தற்சார்பு விவசாயம்.

நிறைவு கிடைக்கும் என்பதுதான் என் பதில். காரணம், கையை விட்டுப் போகும் பணம் குறைவு. கடன் வாங்கி ஒரே வெள்ளாமையாகத் தக்காளி போட்டவருக்கு விலை சரிந்தால் தூக்கம் போய்விடும். அரிசி வாங்கும் காசும் அதிலிருந்துதானே வர வேண்டும்! வீட்டில் சமைப்பவரை ஓட்டல் விலையேற்றம் அவ்வளவாகப் பாதிக்காது இல்லையா, அதுபோலத்தான் இதுவும்.

காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டைப் பாருங்கள். மழை குறைந்த பகுதியின் மேய்ச்சல் நிலம் அது. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். நிலத்தைப் பிரித்து, மாற்றி மாற்றி மேய்ப்பார்கள். அதனால் புல் மறுபடி தழைக்கும். கோடையில் புல் காய்ந்தாலும் வெள்வேலங்காய் உதிரும். செம்மறிகள் அதை ஓடி ஓடிப் பொறுக்கும். புழுக்கை அங்கேயே எருவாகிவிடும். தீவனத்துக்குக் கடைக்கு ஓடும் வேலை பாதி குறைகிறது. எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் தனி மரியாதை உண்டு.

அப்புறம், தற்சார்பு என்றால் எதையுமே வாங்கக்கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். உப்பு, துணி, மருந்து, பிள்ளைகள் படிப்பு எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அதற்குத்தான் கிடாயும் கன்றும் சந்தைக்குப் போகின்றன.